கால் கிலோ வல்லூறு

ஷாத்லி காலையில் கட்டிலை விட்டு எழுவது ஒரே மூச்சில் முடிகிற காரியமல்ல. இடது பக்கமாகப் புரண்டு, விளிம்பில் உட்கார்ந்து, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி தன் உடம்பின் உறுப்புகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருகை எடுப்பார்.

"இடுப்பு? ம், வந்தாச்சு. இடது முழங்கால்? வந்தாச்சு. வலது முழங்கால்?" இங்கே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். "வந்தாச்சு, ஆனா கோவத்துல இருக்கு. தோள்பட்டை? ஏ தோள்பட்டை! சரி விடு, அவரு பெரிய மனுஷன். மத்தியானத்துக்கு மேலதான் வருவாரு."

"உன் பரிவாரத்தோட பேசி முடிச்சாச்சுன்னா வா மனுஷா, காப்பி ஆறுது," என்று அடுக்களையிலிருந்து மன்னூபியா குரல் கொடுப்பாள். நாற்பத்தாறு வருஷமாக அவருக்கு மனைவியாக இருக்கிறவள். இந்த வருகைப் பதிவை அவள் தினமும் கேட்கிறாள், தினமும் ஒரு சின்னச் சிரிப்பைக் காப்பியோடு சேர்த்து விழுங்கிவிடுகிறாள். சிரித்துக் காட்டினால் கிழவன் இன்னும் நீட்டுவான் என்று அவளுக்குத் தெரியும்.

ஷாத்லிக்கு எழுபத்திரண்டு வயது. துனீசியாவின் வடகிழக்கு முனையில், மலை போய்க் கடலில் மூக்கை நுழைக்கிற இடத்தில் இருக்கிறது அவருடைய ஊர். வசந்தத்தில் வல்லூறுகள் இந்த மலையைத் தாண்டித்தான் கடலைக் கடந்து சிசிலிப் பக்கம் போகும். ஊர் ஆண்கள் மலை இடுக்கில் வலை கட்டி ஆளுக்கொன்று பிடிப்பார்கள், பழக்குவார்கள், மே மாதம் பார்லி வயலில் காடை வேட்டையாடுவார்கள், ஜூன் நடுவில் அதே மலையிலிருந்து பறக்கவிட்டுவிடுவார்கள். பெயர் மட்டும் வைக்க மாட்டார்கள். பெயர் வைத்துவிட்டால் அனுப்ப மனசு வராது.

இங்கே வல்லூறைக் கையிலிருந்து பறக்கவிடுவது கிடையாது. எறிவதுதான். பறவையின் நெஞ்சைக் குழந்தையைப் போல உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, காடை எழும்பிய நொடியில் கல்லெறிவது போல எறிய வேண்டும். அந்த எறியில் ஷாத்லியை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. அது மூன்று வருஷத்துக்கு முன்னால் வரை. ஒரு நாள் எறிந்தபோது தோள்பட்டையில் ஏதோ முறிந்த மாதிரி சத்தம் கேட்டது. பறவை நேராகப் போகாமல் பக்கவாட்டில் போய், அவருடைய சிநேகிதன் பூராவியின் சிவப்புத் தொப்பியைத் தட்டிக்கொண்டு சப்பாத்திக்கள்ளிப் புதருக்குள் விழுந்தது. பறவையின் உடம்பிலிருந்து முள் எடுக்கவே ஒரு சாயங்காலம் ஆனது. மறுநாள் ஷாத்லி காப்பிக்கடையில் எழுந்து நின்று, "நான் ஓய்வு பெறுறேன்," என்று அறிவித்தார். ஏதோ அரசாங்கம் மாசாமாசம் பென்ஷன் அனுப்பப் போகிற மாதிரி.

ஓய்வு பெற்றது அவர்தான், தோள்பட்டை பெறவில்லை. அது இறுகிப்போய், கை மார்புக்கு மேல் ஏற மறுத்தது. தொழுகைக்கு நின்று தக்பீர் கட்டும்போது இடது கை காது வரைக்கும் போகும், வலது கை பாதி வழியில் நின்றுகொள்ளும். ஜிப்பாவை மாட்டிவிட மன்னூபியா வர வேண்டும். தினமும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அவள் ஆலிவ் எண்ணெயைச் சுடவைத்து அரை மணி நேரம் தேய்த்துவிடுவாள். மூன்று வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் மேல லெல்லா, மேல. ஆங், அங்கதான். பெருவிரல நல்லா ஊனி அழுத்து," என்று உத்தரவு போட்டபடி முனகிக்கொண்டிருப்பார். லெல்லா என்றால் சீமாட்டி; விளையாட்டாக அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

சுகாதார நிலையத்துப் பெண் ஒரு பயிற்சி சொல்லித் தந்தாள். கால் கிலோ எடையைக் கையில் பிடித்து, கையை நீட்டி, காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் இறக்காமல் வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த வேண்டும். மன்னூபியா ஒரு சின்னப் பாட்டிலில் எண்ணெய் ஊற்றி, எடை போட்டுக் கொடுத்தாள். மூன்றாவது நிமிஷத்தில் ஷாத்லி அதை மேஜை மேல் வைத்துவிட்டார்.

"ஏன் வச்சுட்ட?"

"நல்ல எண்ணெய். கை நடுங்கிச் சிந்திட்டா பாவம்."

மறுநாள் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்தாள். எறும்பு வரும் என்றார். அதற்கு மறுநாள் கடற்கரைக் கூழாங்கல் கொடுத்தாள். கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அக்கம்பக்கத்தில் பைத்தியம் என்பார்கள் என்றார். மன்னூபியா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது நாற்பத்தாறு வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு காலை, பூராவி ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வாசலுக்கு வந்தான். மற்றொரு கையில் ஒரு பெட்டை வல்லூறு. அப்போதுதான் வலையில் விழுந்தது. மஞ்சள் கண்ணில் உலகத்தின் மேல் இருக்கிற கோபம் முழுக்கத் தெரிந்தது.

"வலது முழங்கால் பூட்டிக்கிச்சு ஷாத்லி. பத்தடி நடக்க முடியல. இவளத் தூக்கிக்கிட்டு யாரு அலையறது? எனக்குச் சரியாகிற வரைக்கும் நீ வச்சுக்க."

"எனக்கு வேணாம். நான் ஓய்வு பெத்துட்டேன்."

"நீ எறிய வேணாம்டா. சும்மா சுமந்துக்கிட்டிரு. சுமக்கிறதுக்குமா ஓய்வு?"

ஷாத்லி இன்னொரு முறை மறுப்பதற்குள் பறவை அவருடைய வலது முஷ்டியில் உட்கார்ந்திருந்தது, பூராவி தெருவில் இருந்தான். காலை இழுத்து நடக்கிறவனுக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. பறவையின் நகம் விரலைப் பற்றிய அந்தப் பழைய பிடியில் அவர் கிறங்கிப்போயிருந்தார்.

எண்ணெய்ப் பாட்டிலை மேஜை மேல் வைக்கலாம். புதிதாகப் பிடித்த வல்லூறை வைக்க முடியாது. அதைச் சுமந்துகொண்டே காப்பிக்கடைக்குப் போக வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும், பஸ் நிற்கிற இடத்தில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே நிற்க வேண்டும். மனுஷ வாடையும் மனுஷச் சத்தமும் பழகுகிற வரைக்கும் கையிலேயே இருக்க வேண்டும். அவர் கை கொஞ்சம் தாழ்ந்தால் போதும், பறவை சிறகை அடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும், காப்பிக்கடையே திரும்பிப் பார்க்கும். வேட்டைக்காரனுக்கு அதைவிட மானக்கேடு கிடையாது. ஆகவே ஷாத்லி பல்லைக் கடித்துக்கொண்டு கையை உயர்த்திப் பிடித்தார்.

"விருந்தாளி வந்தாச்சு," என்று மன்னூபியாவிடம் முறையிட்டார். "வந்த நாள்லருந்து என் கையில உக்காந்துக்கிட்டு எனக்கே உத்தரவு போடுது."

"உனக்கு உத்தரவு போட ஒரு ஆள் பத்தாதுன்னு அல்லா ரெண்டாவது ஆள் அனுப்பியிருக்கான்," என்றாள் அவள், விருந்தாளிக்கு ஈரல் நறுக்கிக்கொண்டே.

ஷாத்லி அந்தத் துண்டுகளைப் பார்த்தார். "என்ன லெல்லா, இவ்வளவு பெரிசு பெரிசா வெட்டியிருக்க? இது வல்லூறா, கழுகா?"

"கத்தி மழுங்கிப்போச்சு," என்றாள் மன்னூபியா. அவர் அதை நம்பிவிட்டார். வயலில் ஒரு பார்லிக் கதிர் அசைவதை வைத்து, உள்ளே இருப்பது காடையா எலியா என்று சொல்கிற மனுஷன்.

மே மாதம் வந்தபோது பறவை பழகிவிட்டது. தோள் இன்னும் வலித்தது. ஆனால் கை மார்பைத் தாண்டித் தாடை வரை வர ஆரம்பித்திருந்தது. ஷாத்லிக்கு அதில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். பூராவியின் முழங்கால் சரியாகிற வழியைக் காணோம். அப்படியானால் ஜூன் நடுவில், ஊரே கூடியிருக்கிற மலை மேல், விருந்தாளியை அவர்தான் எறிய வேண்டும். தலைக்கு மேல், கடல் காற்றுக்குள் எறிய வேண்டும். தாழ்வாக எறிந்தால் பறவை காற்றைப் பிடிக்காமல் திரும்பி வந்து ஊர்ச் சுவர்களில் உட்காரும், இரண்டு நாளில் பூனைக்கு இரையாகும். சுமக்கிறேன் என்று ஒப்புக்கொண்டவன் கையில் அப்படி ஒரு பாவம் வரக் கூடாது.

ஒரு நாள் மாலை, வறுத்த தானிய மாவை எண்ணெய் விட்டுப் பிசைந்த பிஸீஸாவை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பூராவியைப் பார்க்கப் போனார். பூராவி போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தான்.

"எப்படி இருக்கு முழங்கால்?"

"கேக்காத. கக்கூசுக்குப் போறதுகூட ஹஜ்ஜுக்குப் போற மாதிரி இருக்கு."

ஷாத்லி அனுதாபத்தோடு தலையாட்டினார். அப்போதுதான் ஆணியில் தொங்கிய பூராவியின் சட்டைக் கையில் ஒரு வெள்ளைக் கோடு கண்ணில் பட்டது. சுண்ணாம்புக் கோடு மாதிரி நீளமாக, நுனி இன்னும் காயாமல். வல்லூறு எச்சம். இப்படிக் கோடாக நீளப் பீச்சி அடிக்கிற பறவை வேறு எது? ஷாத்லி கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவருக்கு இருபது வயது குறைந்திருந்தது. தடம் கிடைத்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் விருந்தாளியை வீட்டுத் தாங்குகட்டையில் விட்டுவிட்டு, மசூதிக்குப் போகிறேன் என்று சொல்லி பார்லி வயல் பக்கம் போனார். வரப்போரம் குனிந்தார். அதாவது, குனிய ஆரம்பித்தார். இடுப்பு அனுமதி கொடுக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பிறகு மெல்ல மெல்ல முன்னேறினார். எதிரே முப்பதடி தூரத்தில் பூராவி நின்றுகொண்டிருந்தான். ஊன்றுகோல் இல்லை, நொண்டல் இல்லை. உள்ளங்கையில் இன்னொரு வல்லூறு.

ஷாத்லி இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார். வலது முழங்கால், ஒரு நாளும் சொன்ன பேச்சுக் கேட்காத வலது முழங்கால், 'டக்' என்று வெடித்தது. அந்தச் சத்தத்தில் காலடியிலிருந்து ஒரு காடை விருட்டென்று எழும்பியது. பூராவி ஓடினான், எறிந்தான், வல்லூறு காடையை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு கதிர்களுக்குள் இறங்கியது.

"யாருடா அது துப்பாக்கியோட?" என்று கத்தியபடி திரும்பியவன், ஷாத்லியைப் பார்த்ததும் ஓர் அடி நொண்டினான். அது இடது கால்.

"பூட்டிக்கிட்டது வலது கால்டா திருடா," என்றார் ஷாத்லி.

பூராவி அசட்டுச் சிரிப்பு சிரித்தான். "சத்தியமாச் சொல்றேன், அந்த முழங்கால மட்டும் சீசன் முடியற வரைக்கும் எனக்குக் குடுத்துடு. என் நாயைவிட நல்லா காடை கிளப்புது."

"பேச்ச மாத்தாத. உன் பறவைய எதுக்கு என் தலையில கட்டின? நான் கெழவன்னு பரிதாபப்பட்டியா?"

"என் பறவையா? வனத்துறை அனுமதிச் சீட்டப் பாத்தியா நீ? உன் பேரு இருக்கு. உன் போட்டோகூட இருக்கு, எருமை முறைக்கிற மாதிரி. என்னோடது இதோ இங்க நிக்கிது."

"நான் சீட்டு வாங்கவே இல்லையே!"

"உன் பாக்கெட்ல கைய விட்டு அடையாள அட்டைய எடுக்க இந்த ஊர்ல யாருக்குத் தைரியம் இருக்கு? யோசிச்சுப் பாரு." பூராவி காடையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். "மார்ச் மாசமே வந்துட்டா. 'வல்லூறு எவ்வளவு எடை இருக்கும்'னு கேட்டா. பெட்டைன்னா கால் கிலோன்னு சொன்னேன். 'எனக்கு ஒண்ணு புடிச்சுக் குடு, உன் முழங்காலையும் ரெண்டு மாசத்துக்குக் கெடுத்துக்க'ன்னா. நாப்பது வருஷமா அவ கையால குஸ்குஸ் தின்னவன். மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

ஷாத்லிக்குக் கோபம் தலைக்கேறியது. நாற்பது வருஷம் வல்லூறு பழக்கியவனை, ஒரு வல்லூறை வைத்தே ஒருத்தி பழக்கியிருக்கிறாள்! கையில் உட்காரவைத்து, ஊரைச் சுற்றவைத்து, ஒரு வார்த்தை சொல்லாமல். அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். முன்வாசல் வழியாகப் போகவில்லை. அத்திமரத்தைச் சுற்றிக் கொல்லைப் பக்கம் வந்து, இந்தத் தடவை முழங்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, அடுக்களை ஜன்னலருகே பதுங்கினார்.

மன்னூபியா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தொடைகளுக்கு நடுவே ஹரீஸா மிளகாய் விழுது ஜாடியை இறுக்கிப் பிடித்து, மூடியை மணிக்கட்டால் திருகிக்கொண்டிருந்தாள். வரவில்லை. துணி போட்டுத் திருகினாள், வரவில்லை. பிறகு மூடி விளிம்பைப் பல்லால் கடித்துப் பார்த்தாள். ஜாடியைக் கீழே வைத்துவிட்டு வலது கையைக் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விட்டாள். பெருவிரலின் அடிமூட்டு காடை முட்டை அளவுக்கு வீங்கியிருந்தது.

"எந்திரி," என்று பெருவிரலிடம் மெல்லச் சொன்னாள். "எந்திரிம்மா. ஜாடி கிடக்கட்டும். சாயங்காலம் கெழவனுக்குத் தோள் தேய்க்கணும். அப்புறம் மலையில முடிச்சு அவுக்கணும். அதுவரைக்கும் மானத்தக் காப்பாத்து. அவனுக்குத் தெரிஞ்சா ஊரையே கூட்டிடுவான்."

ஷாத்லி ஜன்னலுக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷம், தினமும் அரை மணி நேரம், பெருவிரலை ஊன்றி அழுத்து, ஊன்றி அழுத்து என்று சொன்னவர் அவர்தான். அந்த விரலைத் தேய்த்து முடித்தது அவருடைய தோள். பார்லிக் கதிர் அசைந்தால் தெரியும், சட்டைக் கையில் எச்சம் இருந்தால் தெரியும். தினமும் தன் மேல் ஊர்ந்த கையை அவர் பார்க்கவே இல்லை. வெட்கத்தில் அவருக்கு அழுகை வந்தது, கொஞ்சம் அழுதார். பிறகு எழுந்திருப்பதற்கு அத்திமரத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

சுற்றிப்போய் முன்வாசல் வழியாக, வேண்டுமென்றே இருமிக்கொண்டு வந்தார். சாயங்காலம் மன்னூபியா எண்ணெயைச் சுடவைத்து எடுத்து வந்தபோது சாதாரணமாகச் சொன்னார்: "வேணாம் லெல்லா. தோள் சரியாயிடுச்சு."

"சரியாயிடுச்சா?"

"விருந்தாளி புண்ணியம். இங்க பாரு." கையைத் தாடை வரை தூக்கிக் காட்டினார். கண்ணில் நீர் முட்டியது, கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்து மறைத்துக்கொண்டார். அவள் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. அந்த நிம்மதிக்காக இன்னும் நாலு தடவை தூக்கிக் காட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது, தோள்தான் ஒத்துழைக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு பேய் நடமாடத் தொடங்கியது. ஜாடி மூடிகளெல்லாம் தானாகத் தளர்ந்திருந்தன. தண்ணீர்க் குடம் தானாக அடுப்புப் பக்கத்துக்கு வந்திருந்தது. வேட்டைக்காரன் கையால் தின்றால்தான் பறவைக்கு உடம்பில் ஒட்டும் என்று சொல்லி, ஷாத்லி தானே ஈரல் நறுக்க ஆரம்பித்தார். ஜிப்பாவைத் தானே மாட்டிக்கொள்ளப் பார்த்து, கழுத்து போக வேண்டிய துளையில் கை போய், ஒரு முறை கால் மணி நேரம் உள்ளேயே இருந்தார்.

"உடம்புக்கு எதுவும் ஆகலையே உனக்கு?" என்று மன்னூபியா சந்தேகத்தோடு கேட்டாள்.

"ஏன், நல்லா இருந்தா தப்பா?"

ஆனால் முடிச்சுக்கு அவரிடம் வழி இல்லை. ஊர் வழக்கம் அப்படி: பறவையை விடுகிற நாளில் எறிகிறவன் ஒருவன், அதன் காலிலிருக்கும் தோல்வாரை அவிழ்க்கிறவர் இன்னொருவர். அதற்குச் சோறு போட்ட வீட்டுப் பெண்தான் அவிழ்க்க வேண்டும். வாரோடு பறந்தால் எங்காவது கிளையில் சிக்கித் தலைகீழாகத் தொங்கிச் செத்துப்போகும். அதனால் மலையேறும்போது நழுவாதிருக்க வாரை ஈரமாக்கி இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். மேலே போனதும் இரண்டு பெருவிரல் நகத்தையும் கொடுத்துத்தான் அவிழ்க்க முடியும். வேறு யாரையாவது அவிழ்க்கச் சொன்னால், மன்னூபியாவுக்கு என்ன ஆயிற்று என்று ஊரே கேட்கும். அவள் யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்த ஒன்றை நடுமலையில் போட்டு உடைத்த மாதிரி ஆகிவிடும். அவளோ மத்தியான நேரத்தில் தலைத்துணியின் நுனியில் முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி முடிச்சுகள் அப்படியே நின்றன.

பறவை விடுகிற நாள் காலையில் ஷாத்லி தாங்குகட்டை முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு, நாற்பது வருஷத்தில் எந்த வேட்டைக்காரனும் செய்யாத காரியத்தைச் செய்தார். வாரை ஈரமாக்கவில்லை, இறுக்கவில்லை. நுனியைப் பிடித்து இழுத்தால் கழன்றுவிடுகிற மாதிரி ஒரு சுருக்குப் போட்டார். வழியில் பறவை ஒரு முறை உலுக்கினால் போதும், சுருக்கு தளர்ந்துவிடும். பாதி அவிழ்ந்த வாரோடு பறவை போய்விடும். அதைத் தடுக்க அவரிடம் இருந்தது இரண்டு விரல்களின் இடுக்கு மட்டும்தான்.

மலைப்பாதையில் ஊரே போய்க்கொண்டிருந்தது. ரொட்டியும் கூடையுமாகக் குடும்பங்கள், தோள் மேல் குழந்தைகள், கையில் வல்லூறுகளோடு ஆண்கள். ஷாத்லி வாரை விரலிடுக்கில் நசுக்கிப் பிடித்தபடி, கையை அசைக்காமல் ஏறினார். முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு கழுதை கத்தியபோது விருந்தாளி சிறகை விரித்தது. ஷாத்லி விரலிடுக்கை இன்னும் இறுக்கினார். "அடங்கு தாயே, அடங்கு. இன்னும் கொஞ்ச தூரந்தான்," என்று கெஞ்சினார். அது என்ன நினைத்ததோ, சிறகை மடக்கிக்கொண்டது.

உச்சியில் கடல் காற்று ஆளைத் தள்ளியது. ஒவ்வொருவராக எறிந்தார்கள். பூராவியின் பறவை அம்பு மாதிரி போயிற்று. பிறகு ஷாத்லியின் முறை. பறவையின் நெஞ்சை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றார். மன்னூபியா முன்னால் வந்தாள். தலைத்துணியைச் சரிசெய்வது போல ஒரு கணம் தாமதித்தாள். உதடு வெளுத்திருந்தது. வலது கையை நீட்டி, வாரின் நுனியைத் தொட்டு, பெருவிரலைக் கொடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள்.

வார் தண்ணீர் மாதிரி அவிழ்ந்து அவள் கையில் விழுந்தது.

மன்னூபியா கையிலிருந்த வாரைப் பார்த்தாள். பிறகு கணவன் முகத்தைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யா அல்லா!" என்று பூராவி கத்தினான். "என்னடா முடிச்சு இது? செருப்பு வாருக்குக்கூட இதவிட நல்லாப் போடுவாங்க. மலை முழுக்க இதோடயா தூக்கிட்டு வந்த? பறந்திருந்தா?"

ஊர் ஆண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நாற்பது வருஷமாக முடிச்சுப் போடுவதை ஷாத்லியிடம் பார்த்துக் கற்றவர்கள் அதில் பாதிப் பேர்.

"வயசாயிடுச்சுப்பா," என்று ஷாத்லி உரக்கச் சொன்னார். "விரல்ல பலம் இல்ல. முடிச்சு இறுக மாட்டேங்குது."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். மன்னூபியா மட்டும் சிரிக்கவில்லை. அவள் வாரை மடித்து, விரலோடு சேர்த்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

ஷாத்லி மூச்சை இழுத்தார். "போ விருந்தாளி. உன்னால என் வீட்டுல எனக்குக் கண்ணு தெரிஞ்சுது," என்று அதன் காதருகே சொல்லிவிட்டு எறிந்தார். தோளில் 'டக்' என்றது. கை தாடையைத் தாண்டியது, காதைத் தாண்டியது, தலைக்கு மேல் போயிற்று. வல்லூறு காற்றை நெஞ்சில் வாங்கி, ஒரு முறை சாய்ந்து, மேலே, இன்னும் மேலே போய், கடல் பக்கம் திரும்பியது. ஊர் கைதட்டியது. அது புள்ளியாகி மறைந்த பிறகும் ஷாத்லி கையை உயர்த்தியபடியே நின்றார். என்ன பாசம் பார் என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மன்னூபியா பக்கத்தில் வந்தாள். "போதும் மனுஷா, அவ போயிட்டா. கைய இறக்கு."

"இறங்க மாட்டேங்குது," என்றார் ஷாத்லி உதட்டை அசைக்காமல்.

"தோள் சரியாயிடுச்சுன்னு சொன்ன?"

"நீ கத்தி மழுங்கிடுச்சுன்னு சொன்ன."

அவள் வாரை இடுப்பில் செருகிக்கொண்டாள். "எப்பலருந்து தெரியும்?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஹரீஸா ஜாடிலருந்து. ஜன்னலுக்கு வெளியில இருந்தேன். எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும் மன்னூபியா. தினமும் என் தோள் மேலதான இருந்துச்சு." லெல்லா என்று விளையாட அவருக்கு வரவில்லை.

அவள் இரண்டு கையாலும் அவருடைய முழங்கையைப் பிடித்து இறக்கப் பார்த்தாள். "பெருவிரல ஊனாத!" என்று அவர் பதறினார். அவள் பெருவிரலை விட்டுவிட்டு, மணிக்கட்டைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். கை தோள் உயரம் வரைக்கும் வந்தது. அதற்குக் கீழே வர மாட்டேன் என்று அங்கேயே நின்றுகொண்டது. வேறு வழி தெரியாமல் அவள் அதற்கு அடியில் வந்து நின்றாள். கை அவள் தோள் மேல் இறங்கி உட்கார்ந்தது.

அப்படியே மலையிறங்கினார்கள். அந்த ஊரில் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள்கூட மனைவி தோளில் கை போட்டுத் தெருவில் நடக்க மாட்டார்கள்.

"ஊரே பாக்குது," என்றாள் மன்னூபியா.

"வைத்தியம்னு சொல்லு. கைய இறக்காம வச்சிருக்கணும்னு சுகாதார நிலையத்துல சொல்லியிருக்காங்க," என்றார் ஷாத்லி. "வீட்டுக்குப் போனதும் எண்ணெயச் சுட வச்சுடு."

"தேய்க்கணுமா?"

"ஆமா. உன் கைய நீட்டிக்கிட்டு உக்காரு. எங்க அழுத்தணும்னு உத்தரவு மட்டும் போடு. எப்படிப் போடறதுன்னு மூணு வருஷமா கேட்டிருக்கல்ல?"